மூச்சை இழுத்தாலும் மாறாத துடிப்பு: இதயம் மாற்றியவர்கள் குற்றால அருவியில் குளிக்கலாமா?

தென்காசியில் சாரல் விழ ஆரம்பித்தாலே போதும், குற்றாலம் பேரருவிக்குக் கீழே கூட்டம் நிற்க இடம் இருக்காது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் முதல் தண்ணீர் தலையில் விழும்போது ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். 'ஹா' என்று ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுப்பார்கள். அப்புறம் ரெண்டு, மூணு வினாடி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அதற்குள் உடம்புக்குள்ளே துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரு சின்ன ஆட்டம் ஆடி முடித்திருக்கும். குளிப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் மாற்று இதயம் பொருத்திக்கொண்ட ஒருவர் அதே அருவியில் நின்றால் அந்த ஆட்டம் வேறு மாதிரி நடக்கும். மூச்சு அதே மூச்சுதான், நுரையீரலும் அவருடைய பழைய நுரையீரல்தான். நெஞ்சுக்குள் இருக்கும் இதயத்துக்கு மட்டும் மூளையோடு தொடர்பு இல்லை.

"டாக்டர், சீசனுக்கு ஊருக்குப் போறோம், இவர் குளிக்கலாமா?" என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாததற்குக் காரணம் இதுதான். விவரமாகப் பார்க்கலாம்.

முதலில் உங்கள் கையைப் பிடித்துப் பாருங்கள்

மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு, 5 வினாடி மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். அடுத்த 5 வினாடி மெதுவாக வெளியே விடுங்கள். இப்படியே ஒரு நிமிடம். நீங்கள் இளவயதுக்காரர், ஆரோக்கியமானவர் என்றால், இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமாக ஓடும், விடும்போது மெதுவாகும். சிலருக்கு இந்த வித்தியாசம் நிமிடத்துக்கு 15 துடிப்புக்கு மேல்கூட இருக்கும். பயப்பட வேண்டாம், இது நோய் இல்லை. வித்தியாசம் இல்லாமல் இருந்தால்தான் டாக்டர்கள் யோசிப்பார்கள்.

இதைச் செய்வது வேகஸ் என்ற நரம்பு. மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து கழுத்து வழியாக இறங்கி இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகும் நீளமான நரம்பு இது. இதயத்துக்கு இதுதான் பிரேக். மூச்சை இழுக்கும்போது மூளை அந்த பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறது, துடிப்பு ஏறுகிறது. மூச்சை விடும்போது மறுபடியும் மிதிக்கிறது, துடிப்பு இறங்குகிறது. ஆக்சிலரேட்டர் வேலையைச் செய்வது சிம்பதெடிக் நரம்புகள். பயம், கோபம், ஓட்டம் எல்லாவற்றுக்கும் அவைதான் துடிப்பை ஏற்றுகின்றன.

மாற்று அறுவை சிகிச்சையில் இந்த இரண்டுமே அறுபட்டுப் போகின்றன.

ரத்தக் குழாயைத் தைக்கலாம், நரம்பை?

கொடையாளரின் இதயத்தை எடுக்கும்போது மகாதமனி, நுரையீரல் தமனி, பெரிய சிரைகள் எல்லாம் வெட்டப்படும். புதிய நெஞ்சில் அவற்றை ஒன்றோடு ஒன்று தைத்துவிடலாம். ஆனால் இதயத்தைச் சுற்றியுள்ள நரம்புகள் மெல்லிய இழைகளாகப் பின்னிக் கிடப்பவை. அவற்றைத் தேடிப் பிடித்து இணைக்க வழியும் இல்லை, நேரமும் இல்லை. உடம்பிலிருந்து எடுத்த இதயத்தைச் சுமார் 4 மணி நேரத்துக்குள் பொருத்தி ஓட விட்டாக வேண்டும்.

நரம்பு இல்லாமல் இதயம் துடிக்குமா என்றால், துடிக்கும். வலது மேலறையில் இருக்கும் சைனஸ் முடிச்சு தானாகவே மின்சாரம் உண்டாக்கக்கூடியது. அதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை. மூளை சொல்வதெல்லாம் 'வேகமா', 'மெதுவா' என்பது மட்டும்தான். சொல்ல யாரும் இல்லாவிட்டால் அது தன் சொந்த வேகத்தில் ஓடும். அந்த சொந்த வேகம் நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை. அதாவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு 70, 75 துடித்தால் இவர்களுக்கு 100 துடிக்கும். பிரேக் அறுந்துபோனதால் வரும் வேகம் அது.

1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்றைச் செய்தார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். அடுத்த சில வாரங்களிலேயே, 1968 பிப்ரவரியில், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே.சென் முயன்றார், பலிக்கவில்லை. இந்தியாவில் முதல் வெற்றி 1994 ஆகஸ்ட் 3ஆம் தேதி, டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் குழுவினரால் கிடைத்தது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதய மாற்று என்றால் நினைவுக்கு வருவது 2008 செப்டம்பர். விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் இதயம், போலீஸ் வழி ஒதுக்கிக் கொடுக்க, சென்னைப் போக்குவரத்துக்கு நடுவே சுமார் 11 நிமிடங்களில் முகப்பேரில் இருந்த மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. 9 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அது பொருத்தப்பட்டது. அதன் பிறகு உறுப்பு தானம் என்ற பேச்சே இங்கே மாறியது. தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். இப்போது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் உறுப்பு மாற்று சிகிச்சை இருக்கிறது. அதனால் பெருநகரத்துப் பணக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்த சிகிச்சை கிராமத்து வீடு வரைக்கும் வருகிறது.

வருவது நல்லதுதான். ஆனால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அந்த இதயம் எப்படி நடந்துகொள்ளும் என்பது வீட்டாருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

துடிப்பு அசையாது, பிபி மட்டும் அசையும்

இங்கேதான் பலருக்குக் குழப்பம். இதயத்துக்கு மூச்சின் செய்தி போகவில்லை என்றால், மூச்சினால் ரத்த அழுத்தமும் மாறாதுதானே? அப்படி இல்லை.

நெஞ்சுக்கூடு ஒரு துருத்தி மாதிரி. மூச்சை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. காற்று மட்டுமில்லை, வயிற்றிலும் கையிலும் காலிலும் இருக்கும் ரத்தமும் நெஞ்சை நோக்கி உறிஞ்சப்படுகிறது. இதயத்தின் வலது பக்கம் நிறையும். அதே நேரம் விரிந்த நுரையீரல் கொஞ்சம் ரத்தத்தைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். அதனால் இடது பக்கத்துக்கு வரும் ரத்தம் அந்தக் கணத்தில் குறையும், அது வெளியே தள்ளும் அளவும் குறையும். விளைவு, இழுக்கும்போது பிபி லேசாக இறங்கும், விடும்போது ஏறும். 10 மில்லிமீட்டருக்குள் இருக்கும் இந்த ஏற்ற இறக்கம் இயல்பானது. இதற்கு நரம்பு தேவையே இல்லை. வெறும் அழுத்தக் கணக்கு.

1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகி ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தாரே, அவரே மூச்சோடு சேர்ந்து அந்த ரத்த மட்டம் ஆடுவதைக் கவனித்துவிட்டார். பிபி அளக்கத் தெரிந்த நாளிலிருந்தே தெரிந்த விஷயம் இது.

சாதாரண ஆளுக்கு என்ன நடக்கிறது? மூச்சை இழுக்கும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறும் ரத்தம் குறைகிறது, ஆனால் துடிப்பின் எண்ணிக்கை கூடுகிறது. ஒன்று குறைய இன்னொன்று ஈடுகட்டுகிறது. படுத்திருக்கும்போதாவது இது பிபியை நிலையாக வைக்க உதவுகிறது என்பது ஒரு தரப்பு ஆய்வாளர்களின் கருத்து. நிற்கும்போது கணக்கு மாறுகிறது என்பவர்களும் உண்டு. அந்த விவாதம் ஓயவில்லை.

மாற்று இதயத்தில் ஈடுகட்டும் அந்தக் கூட்டாளி இல்லை. துடிப்பு 100 என்றால் 100தான், இழுத்தாலும் விட்டாலும். பிபி மட்டும் மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

துளிகூட மாறாதா என்றால், கொஞ்சம் மாறும். 1989இல் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழுவினர் நரம்பறுந்த இதயங்களை அளந்தபோது, சாதாரண இதயத்தில் இருக்கும் மூச்சு அசைவின் மிகச் சிறிய பங்கு அங்கேயும் இருப்பதைக் கண்டார்கள். மூச்சை இழுக்கும்போது மேலறைக்குள் கூடுதல் ரத்தம் வந்து சைனஸ் முடிச்சை இழுத்து விரிக்கிறது. அந்த இழுப்பே அதைச் சற்று வேகமாக்குகிறது. மூளைக்கு இதில் வேலையே இல்லை. சாதாரணமாக நாடி பிடித்தால் கைக்குத் தெரியாத அளவு அது.

ஒரே நெஞ்சில் இரண்டு முடிச்சுகள்

இந்தக் கதையில் ரொம்ப விசித்திரமான பகுதி ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டில் லோயர், ஷம்வே இருவரும் உருவாக்கிய பழைய முறைப்படி தைக்கும்போது, நோயாளியின் சொந்த மேலறையில் ஒரு பகுதியை அப்படியே விட்டுவிட்டுப் புது இதயத்தை அதில் சேர்ப்பார்கள். விட்டுவைத்த அந்தப் பகுதியில் பழைய சைனஸ் முடிச்சும் இருக்கும். அதற்கு நரம்புகள் அறுபடவில்லை. ஆனால் தையல் தழும்பைத் தாண்டி அதன் மின்சாரம் புது இதயத்துக்குப் போகாது.

அதனால் அவர்களின் ஈசிஜியில் மேலறை துடிப்புக்கான சின்ன அலை இரண்டு விதமாகத் தெரியும். பழைய முடிச்சு மூச்சுக்கு ஏற்ப வேகமாகி மெதுவாகிக்கொண்டே இருக்கும். புதிய முடிச்சு எதையும் கேட்காமல் தன்பாட்டுக்கு ஓடும். ரத்தத்தை இறைப்பது புதியதுதான். பழையது மூளையின் பேச்சைக் கேட்டுக்கொண்டு, யாருக்கும் பயன்படாமல் துடித்துக்கொண்டிருக்கும். ஒரே உடம்பு, ஒரே மூச்சு, இரண்டு விதமான பதில். மூச்சுக்கும் துடிப்புக்கும் நடுவில் இருப்பது நரம்புதான் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது. இப்போது பல மையங்களில் சிரைகளையே நேரடியாகத் தைக்கும் முறை வந்துவிட்டதால் இந்த இரட்டை அலை குறைந்துவருகிறது.

ஓடிய வேட்டை நாய்கள்

நரம்பு இல்லாத இதயத்தை வைத்துக்கொண்டு ஓட முடியுமா என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் 1960களில் சோதித்தார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைப் பார்த்துப் பழகிய தென்காசிக்காரர்களுக்கு இது சுவாரசியமாக இருக்கும். அவர்கள் எடுத்துக்கொண்டது கிரேஹவுண்ட் பந்தய நாய்கள். இதயத்தின் நரம்புகளை அறுத்துவிட்டு ஓட விட்டார்கள். நாய்கள் கிட்டத்தட்ட பழைய வேகத்திலேயே ஓடின!

எப்படி? ஓடும்போது கால் தசைகளும் மூச்சின் துருத்தியும் சேர்ந்து இதயத்துக்கு ரத்தத்தை அள்ளிக் கொண்டுவருகின்றன. அதிகமாக நிறைந்த இதயம் அதிகமாகத் தள்ளும், இது தசையின் குணம். அதற்குள் சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் கலந்துவிடும். நரம்பு வழியாக வராத செய்தி ரத்தம் வழியாக வந்து சேர்கிறது. போன் வேலை செய்யாவிட்டால் தபால் போடுவது போல. என்ன, தபால் கொஞ்சம் தாமதமாக வரும்.

அட்ரினலினைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தைக் கொடுத்ததும் அதே நாய்கள் திணறிவிட்டன. மாற்று இதயக்காரர்களுக்கு பிபி குறைக்க எந்த மாத்திரை கொடுப்பது என்று டாக்டர்கள் யோசித்து முடிவெடுப்பதற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம். பக்கத்து வீட்டுக்காரர் போடும் பிபி மாத்திரையை இவர்கள் வாங்கிப் போடக்கூடாது என்பது வெறும் சம்பிரதாய அறிவுரை இல்லை.

வீட்டில் இது எப்படித் தெரியும்?

படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால். நமக்கு எழுந்த நொடியில் துடிப்பு ஏறி மூளைக்கு ரத்தத்தைத் தள்ளும். இவர்களுக்கு அந்த உடனடி ஏற்றம் இல்லை. ரத்தக் குழாய்களின் நரம்புகள் நன்றாகவே இருப்பதால் அவை சுருங்கி ஓரளவு சமாளிக்கும். ஆனாலும் நீர் பிரியும் மாத்திரை, பிபி மாத்திரை போடுபவர் என்றால் கண் இருட்டும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுவது நல்லது.

மாடிப்படி ஏறினால், ஏறி முடித்த பிறகுதான் துடிப்பு உச்சத்துக்கு வரும். உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியும் படபடப்பு நிற்காது. "நான்தான் உட்கார்ந்துட்டேனே, இன்னும் ஏன் அடிக்குது?" என்று பயந்துவிடுவார்கள். ரத்தத்தில் கலந்த அட்ரினலின் கரைய நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான். நடைப்பயிற்சியை மெதுவாக ஆரம்பித்து மெதுவாக முடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மலச்சிக்கலில் முக்குவது, நிறைகுடத்தை மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குவது, இவை இரண்டும் நெஞ்சுக்குள் அழுத்தத்தை ஏற்றி, இதயத்துக்கு ரத்தம் வருவதைத் தடுக்கும். பிபி இறங்கும். சாதாரண இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டும். முக்குவதை நிறுத்தியதும் பிபி ஏறும், அப்போது துடிப்பு மெதுவாகி அதைத் தணிக்கும். மாற்று இதயத்தில் இந்த இரண்டு திருத்தமும் வராது. எடை தூக்கும்போது மூச்சை விட்டபடி தூக்கப் பழகினால் பாதிப் பிரச்சனை தீர்ந்தது.

சரி, அருவிக்கு வருவோம்

குளிர்ந்த நீர் முகத்தில் படும்போது, கூடவே மூச்சையும் அடக்கும்போது, உடம்பில் ஒரு பழைய அனிச்சைச் செயல் தூண்டப்படுகிறது. திமிங்கலம், நீர்நாய், மனிதன் எல்லாருக்கும் பொது. கை, கால் ரத்தக் குழாய்கள் சுருங்கும், வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும். குழாய்கள் சுருங்கினால் பிபி ஏறும். துடிப்பு குறைந்தால் அந்த ஏற்றம் மட்டுப்படும்.

மாற்று இதயக்காரருக்கு முதல் பாதி நடக்கும், இரண்டாவது பாதி நடக்காது. குழாய்கள் சுருங்கும், ஆனால் துடிப்பு மெதுவாகாது. பிபி கூடுதலாக ஏறலாம். ஏற்கெனவே பிபி கட்டுக்குள் இல்லாதவர் என்றால் இது விளையாட்டில்லை. குற்றாலத் தண்ணீர் ஐரோப்பிய ஏரித் தண்ணீர் அளவுக்குக் குளிர்ச்சி இல்லைதான். பேரருவியில் தண்ணீர் பொங்குமாகடலில் விழுந்து எழுந்து வேகம் தணிந்து வருவதும் உண்மைதான். ஆனாலும் சீசனில் தண்ணீர் அறைந்துதான் விழும்.

இதயம் மாற்றியவருக்கு அருவி ஒட்டுமொத்தமாக விலக்கா? ஆபரேஷன் ஆகி மாதக்கணக்கே ஆனவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், கூடாது. பிளந்து கட்டிய நெஞ்செலும்பு ஒட்டவே சுமார் 3 மாதம் ஆகும், நோய்த்தொற்று பயமும் அப்போதுதான் அதிகம். வருடங்கள் கடந்து, பிபி கட்டுக்குள் இருந்து, சிகிச்சை தரும் மருத்துவமனை அனுமதித்தால், கூட்டம் இல்லாத நேரத்தில், தண்ணீர் குறைவாக விழும் ஓரத்தில், காலில் ஆரம்பித்து கை, தோள் என்று நனைத்து, மூச்சை அடக்காமல் விட்டு விட்டு வாங்கிக்கொண்டு சில நிமிடம் நிற்கலாம் என்பது இதுவரை சொன்ன உடலியங்கியல் காட்டும் வழி. இறுதி வார்த்தை அவரவர் மருத்துவருடையது.

உண்மையில் டாக்டர்கள் துடிப்பைவிட அதிகம் பயப்படுவது தண்ணீரின் சுத்தத்தைப் பார்த்து. புது இதயத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க நோய் எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் பேர் குளித்து ஓடும் தண்ணீர் வாய்க்குள், மூக்குக்குள் போவது அவர்களுக்கு ஆபத்து. மேலே அடர்ந்த காடு, குரங்குகள், எலிகள். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் இந்தப் பகுதிக்குப் புதிதும் இல்லை.

இன்னொன்று, திடீர் வெள்ளம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் வெள்ளம் பாய்ந்து, மாணவர் ஒருவர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 'ஓடுங்க' என்று கத்தினால் நம் இதயம் அந்த நொடியே தயாராகும். மாற்று இதயம் தயாராக சில நிமிடம் எடுக்கும். கூடப் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

வலிக்காத மாரடைப்பு

மூச்சைக் கவனிக்க வேண்டிய இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. நெஞ்சுவலியை மூளைக்குச் சொல்வதும் நரம்புதான். அது அறுந்துவிட்டதால், மாற்று இதயத்தின் தமனிகள் அடைத்தாலும் பலருக்கு வலி வராது. வருடங்கள் போகப்போக இந்த இதயங்களில் ரத்தக்குழாய்கள் உள்ளிருந்தே தடித்துச் சுருங்குவது ஒரு முக்கியமான பிரச்சனை. இடது கை வலி, நெஞ்சில் கல்லை வைத்த பாரம் என்று நாம் கேட்டுப் பழகிய எச்சரிக்கை மணி அங்கே அடிக்காமலே போகலாம்.

அப்போது மிச்சம் இருக்கும் அறிகுறி மூச்சுதான். போன வாரம் வரை சாதாரணமாக நடந்த தூரத்துக்கு இந்த வாரம் மூச்சு வாங்குகிறது, தட்டையாகப் படுக்க முடியவில்லை, இரண்டு தலையணை வேண்டியிருக்கிறது, காலில் நீர் கோர்க்கிறது என்றால் அது சாரல் ஜலதோஷம் என்று விட்டுவிடக்கூடாது. நிராகரிப்பாகவும் இருக்கலாம், அடைப்பாகவும் இருக்கலாம். மூச்சை இழுக்கும்போது பிபி 10 மில்லிமீட்டருக்கு மேல் விழுந்தால் இதயத்தைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கிறதா என்று டாக்டர்கள் எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். மூச்சும் பிபியும் சேர்ந்து தரும் இந்தத் தடயம் நரம்பை நம்பி இல்லாததால், மாற்று இதயத்திலும் கைகொடுக்கிறது.

தென்காசியிலிருந்து சென்னை சுமார் 600 கிலோமீட்டர். ஆபரேஷன் செய்தது சென்னையோ கோவையோ கொச்சியோ, அவசரம் என்றால் 108 முதலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்கோ திருநெல்வேலிக்கோதான். அங்கே பணியில் இருக்கும் இளம் டாக்டர் இப்படி ஒரு நோயாளியை முன்பின் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. துடிப்பு மிகவும் குறைந்தால் வழக்கமாக முதலில் போடும் ஊசி அட்ரோபின். அது வேகஸ் நரம்பின் பிரேக்கை எடுக்கும் மருந்து. பிரேக்கே இல்லாத இதயத்தில் அது எதை எடுக்கும்? பெரும்பாலும் பலன் இருக்காது. அட்ரினலின் வகை மருந்தோ தற்காலிக பேஸ்மேக்கரோதான் தேவைப்படும். படபடப்பை நிறுத்தப் போடும் அடினோசின் ஊசிக்கு நேர்மாறான சிக்கல், வழக்கமான அளவே இவர்களுக்கு அதிகமாகிவிடலாம்.

அதனால் 'இதய மாற்று செய்தவர், அட்ரோபின் வேலை செய்யாது' என்று எழுதி, மாத்திரைப் பட்டியலும் மருத்துவமனை போன் நம்பரும் சேர்த்து பர்ஸில் ஒரு அட்டை வைத்திருப்பது நல்லது. நான்கு வரி போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிபி பார்க்கும் தன்னார்வலரிடமும், 100 துடிப்பு இவருக்கு இயல்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.

பிபி ஏன் இவ்வளவு பேருக்கு?

இதயம் மாற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ரத்த அழுத்தம் கூடுகிறது. முக்கிய காரணம் உயிர் காக்கும் அதே மருந்துகள்தான். டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சிறுநீரகத்தில் உப்பைத் தேக்குகின்றன. ஸ்டீராய்டு எடையை ஏற்றுகிறது. எடை ஏறினால் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. ஒவ்வொரு முறை மூச்சு நின்று திரும்பும்போதும் பிபி எகிறும். சாதாரணமாக இரவில் பிபி 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும், இவர்களில் பலருக்கு இறங்குவதில்லை. பகலில் ஒருமுறை பார்த்து 'நார்மல்' என்று சொல்லிவிட முடியாததால்தான் 24 மணி நேர பிபி கருவியை டாக்டர்கள் கட்டி அனுப்புகிறார்கள். வீட்டில் யாராவது குறட்டையைப் பற்றிச் சொன்னால் சிரித்துவிட்டு விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குற்றாலம் கடைவீதியில் மங்குஸ்தான், ரம்புட்டான் பார்த்தால் ஆசை வரும். நன்றாகக் கழுவி வீட்டில் தோலுரித்துச் சாப்பிடுவது வேறு, சாலையோரம் நறுக்கி வைத்ததை வாங்குவது வேறு. கிரேப்ஃப்ரூட், அதன் உறவான பம்ளிமாஸ் பக்கம் மட்டும் போகவே கூடாது. அவை டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அளவு ஏறினால் சிறுநீரகமும் பிபியும் அடி வாங்கும்.

பிராணாயாமம் செய்யலாமா?

பொதிகை அடிவாரத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அகத்தியர் பேரைச் சொல்லாத ஊர் இங்கே இல்லை, திருமந்திரத்தில் மூச்சுக்கென்றே தனிப் பகுதி உண்டு. மெதுவான மூச்சு பிபியைச் சற்றுக் குறைக்கும் என்பதை நவீன ஆய்வுகளும் ஏற்கின்றன. நாம் முன்பு பார்த்த அதே பெர்னார்டி, 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார். கத்தோலிக்க ஜெபமாலையைச் சொன்னாலும் யோக மந்திரத்தைச் சொன்னாலும், மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 ஆகக் குறைகிறது, அந்த வேகத்தில் இதய, ரத்தக்குழாய்களின் தாளங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்கின்றன என்பது அதன் முடிவு. ஆனால் அது ஆரோக்கியமானவர்களிடம் செய்தது.

மாற்று இதயத்தில் அந்தப் பலனின் ஒரு பாதை, அதாவது துடிப்பு வழியாக வருவது, அடைபட்டிருக்கிறது. ரத்தக் குழாய்கள் வழியாக வரும் பாதை திறந்தே இருக்கிறது. எனவே மெதுவாக மூச்சு வாங்கி விடுவதில் தடையில்லை, மன அமைதிக்கும் நல்லது. ஆனால் மாத்திரைக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூச்சை நீண்ட நேரம் அடக்கும் கும்பகம், வயிற்றைக் குத்திக் குத்தி விடும் கபாலபாதி, பஸ்திரிகா எல்லாம் நெஞ்சழுத்தத்தை வேகமாக மாற்றுபவை. டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாதவை அவை.

நரம்பு மறுபடி வளருமா?

வளரும், எல்லாருக்கும் இல்லை, முழுசாகவும் இல்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு சிம்பதெடிக் நரம்புகள் மெதுவாகப் புது இதயத்துக்குள் இறங்க ஆரம்பிக்கலாம். 2001இல் ஜெர்மனியின் மியூனிக் மருத்துவர்கள் பெட் ஸ்கேன் மூலம் இதைப் படமெடுத்துக் காட்டினார்கள். நரம்பு திரும்பியவர்களின் துடிப்பு உடற்பயிற்சியில் நன்றாக ஏறியது, அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். வேகஸ் திரும்புவது இன்னும் அரிது, இன்னும் தாமதம். சிரைகளை நேரடியாகத் தைக்கும் முறையில் அதற்கு வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் உண்டு.

சில வருடங்கள் கழித்து ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், டாக்டருக்கு அதில் இரண்டு செய்தி: உடனே கவனிக்க வேண்டிய அடைப்பாக இருக்கலாம், கூடவே நரம்பு கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்பதும் தெரிகிறது.

ஸ்மார்ட் வாட்ச் கட்டுபவர்களுக்கும் ஒரு விஷயம். துடிப்புக்கும் துடிப்புக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்துத்தான் பல வாட்சுகள் 'ஸ்ட்ரெஸ்' மதிப்பெண் போடுகின்றன. அந்த மாற்றத்தில் பெரும்பங்கு மூச்சிலிருந்து வருவது. மாற்று இதயத்தில் அது கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால், ஐந்தருவி ஓரம் நிம்மதியாக உட்கார்ந்திருப்பவரையும் வாட்ச் 'கடும் மன அழுத்தம்' என்று மிரட்டும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

இதயம் மாற்றாதவர்களிலும் மூச்சுக்கு அசையாத துடிப்பு சிலருக்கு உண்டு. பல வருடம் கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய் வேகஸ் நரம்பை அரித்துவிடும். ஆழ்ந்து மூச்சு வாங்கி விடும்போது வித்தியாசம் 15 துடிப்புக்கு மேல் இருந்தால் இயல்பு, 10க்குக் கீழே என்றால் நரம்பு பாதிப்பு என்பது பல பத்தாண்டுகளாக மருத்துவர்கள் பயன்படுத்தும் சோதனை. வயது ஏற ஏற இந்த எண் தானாகவும் குறையும். அவர்களுக்கும் வலியில்லாத மாரடைப்பு வரலாம், சட்டென எழுந்தால் கண் இருட்டலாம். சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகும்போது, மூச்சோடு நாடியையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஒரு ஈசிஜி மெஷினும் ஒரு நிமிடமும் இருந்தால் போதும்.